"ஆவணங்களை ஒப்படைக்கவும்" என்று காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு சிறு நகரத்தில் பல ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். காவல் நிலையத்திலிருந்து வந்த ஒரு பக்கக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் அலுவலகப் படியேறுபவர்களில் பலர் எந்தக் குற்றத்தோடும் தொடர்பில்லாதவர்கள். அடகுக் கடைக்காரர், மருத்துவமனை மேலாளர், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர், பள்ளித் தாளாளர் என்று யாராக இருந்தாலும் அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். இங்கே பேசப்படுவது 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம். சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். என்று குறிப்பிடுகிறேன்.

"94 நோட்டீஸ் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன சார்?"

பி.என்.எஸ்.எஸ். 94-ஆம் பிரிவின்படி, ஒரு வழக்கின் புலனாய்வுக்கோ விசாரணைக்கோ ஓர் ஆவணம் அல்லது பொருள் தேவை என்று கருதினால், நீதிமன்றம் அழைப்பாணை மூலமாகவும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூல உத்தரவு மூலமாகவும், அது யாரிடம் இருப்பதாக நம்பப்படுகிறதோ அவரிடம், இன்ன நாளில் இன்ன இடத்தில் அதை ஒப்படைக்கும்படி கேட்கலாம். உங்கள் கையில் இருப்பது அந்த உத்தரவு.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே அதிகாரம் 94-ஆம் பிரிவில்தான் இருந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 91 ஆனது, இப்போது மறுபடியும் 94-க்கே வந்துவிட்டது. நீதிமன்ற வளாகத்தில் இன்னும் பலர் "91 நோட்டீஸ்" என்று சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். புதிதாகச் சேர்ந்திருப்பது, மின்னணுத் தகவல்களையும் அவை இருக்கக்கூடிய தொலைத்தொடர்புச் சாதனங்களையும் கேட்கலாம் என்ற வெளிப்படையான சொற்கள்.

"போலீஸ் லெட்டர் வந்துவிட்டது என்றாலே நான் குற்றவாளியா?"

இல்லை. கடிதத்தில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். 94 என்றால் ஆவணம் வேண்டும். 179 என்றால் வழக்கின் விவரம் தெரிந்தவர் என்ற முறையில் சாட்சியாக நீங்கள் வர வேண்டும். 35(3) என்றால் உங்கள் மீதே புகாரோ சந்தேகமோ இருக்கிறது, கைது செய்யாமல் ஆஜராகச் சொல்கிறார்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் விதம் வேறு வேறு. மூன்று பிரிவுகளையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதி அனுப்புவதும் நடக்கிறது. அப்படி வந்தால், நீங்கள் எந்த நிலையில் அழைக்கப்படுகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது தவறல்ல.

"ஏட்டு வந்து வாயால் கேட்டார். கொடுத்துவிடலாமா?"

சட்டம் எழுத்துமூல உத்தரவு என்று சொல்கிறது. அதைப் பிறப்பிக்க வேண்டியவர் நிலையப் பொறுப்பு அதிகாரி, அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி. பொறுப்பு அதிகாரி இல்லாதபோது நிலையத்தில் இருக்கும் அடுத்த நிலை அதிகாரி அந்தப் பொறுப்பை வகிக்கலாம், ஆனால் அவர் காவலர் பதவிக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். ஆகவே, "ஐயா, தருகிறேன், ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் உங்களுக்கும் பாதுகாப்பு. வாடிக்கையாளரின் விவரத்தை ஏன் கொடுத்தாய் என்று நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும். குற்ற எண், பிரிவுகள், கேட்கப்படும் ஆவணம், நாள், இடம், கையொப்பம், முத்திரை ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

"வாட்ஸ்அப்பில் வந்தது. அது செல்லுமா?"

94-ஆம் பிரிவு உத்தரவு காகிதத்திலும் வரலாம், மின்னணு வடிவிலும் வரலாம் என்று சட்டமே சொல்கிறது. மேலே சொன்ன 35-ஆம் பிரிவு நோட்டீஸ் அப்படியல்ல. அதை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்புவது முறைப்படி நேரில் சேர்ப்பித்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உத்தரவிட்டது. அது ஒருவரின் சுதந்திரத்தோடு தொடர்புடையது என்பதே காரணம்.

ஆனால் செல்லுமா என்பதற்கு முன்னால் உண்மையா என்று பார்க்க வேண்டும். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் முத்திரையும் கையொப்பமும் உள்ள போலிக் கடிதங்களை அனுப்புகிறார்கள். கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். அந்தக் காவல் நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கேளுங்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் இல்லை, 94-ஆம் பிரிவின் கீழ் யாரும் பணம் கட்டச் சொல்லவும் முடியாது. ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

"எனக்கு 68 வயது. நானே ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா?"

வேண்டியதில்லை. ஆவணத்தை மட்டும் கேட்டிருந்தால், அதை வேறொருவர் மூலம் அனுப்பிவைத்தாலே உத்தரவை நிறைவேற்றியதாகக் கருதப்படும் என்று 94-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பலருக்குத் தெரியாத, மிகவும் பயனுள்ள வரி இது. மகனோ கணக்குப்பிள்ளையோ வழக்கறிஞரோ ஒரு முகப்புக் கடிதத்துடன் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாட்சியாக 179-ஆம் பிரிவின் கீழ் அழைத்தாலும், 15 வயதுக்குட்பட்ட அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது.

"அசலைக் கேட்கிறார்கள். ஜெராக்ஸ் போதாதா?"

ஆவணம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்தது. உள்ளடக்கம் மட்டும் வேண்டுமென்றால், அசலைக் காட்டி ஒப்பிட்டுப் பார்க்கச் செய்து, சான்றொப்பமிட்ட நகலைக் கொடுப்பது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படும். கையெழுத்தையோ கைரேகையையோ நிபுணர் ஒப்பிட வேண்டுமென்றால் நகல் உதவாது, அசலைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓர் அடகுக் கடைக்காரரின் அனுபவத்தைச் சொல்கிறேன். திருட்டு நகை ஒன்று அவர் கடையில் அடகு வைக்கப்பட்டதாக வழக்கு. உத்தரவில் கேட்கப்பட்டது ஒரே ஒரு பதிவு. அவரோ பயத்தில் அடகுப் பதிவேட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டார். நீளமான, சிவப்புத் துணி முதுகு வைத்த பதிவேடு அது. ஒவ்வொரு வரியிலும் வரிசை எண், பெயர், நகையின் எடை கிராமில், கொடுத்த தொகை, கடைசிக் கட்டத்தில் நீல மையில் இடது பெருவிரல் ரேகை. வழக்குக்குத் தேவைப்பட்டது அதில் ஒரு வரி. மற்ற வரிகளுக்குரியவர்கள் நகையை மீட்க வந்தபோது ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. கொடுத்ததற்கு ஒப்புதலும் வாங்கவில்லை. அடுத்த பல மாதங்களுக்கு வாடிக்கையாளர்களிடம் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அதனால்தான் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன்: அசல் போவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுங்கள், முடிந்தால் ஒளிப்படமும் எடுங்கள். என்னென்ன கொடுக்கிறீர்கள், எத்தனை பக்கம், அசலா நகலா என்று வரிசையாக எழுதிய முகப்புக் கடிதத்தை இரண்டு படிகளாகத் தயாரியுங்கள். ஒன்றை அங்கே கொடுத்து, மற்றொன்றில் பெயர், பதவி, தேதியுடன் ஒப்புதல் கையொப்பம் வாங்குங்கள். கேட்ட ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

"பத்து வருஷத்துக் கணக்கு எல்லாவற்றையும் கொண்டுவா என்று எழுதியிருக்கிறார்கள்."

பிரிவின் சொற்கள் குறிப்பிட்ட வழக்குக்குத் தேவையான ஆவணத்தைப் பற்றிப் பேசுகின்றன. எதையாவது தேடிப் பார்ப்போம் என்று மொத்தமாக அள்ளிக் கேட்பதற்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை. முதலில், எந்தக் காலத்து, யாருடைய, எந்தப் பரிவர்த்தனை தேவை என்று குறிப்பிட்டுச் சொல்லும்படி எழுத்தில் பதில் கொடுங்கள், கால அவகாசமும் கேளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான அதிகாரிகள் இதற்கு ஒத்துழைக்கிறார்கள், ஏனென்றால் மூட்டை மூட்டையாகக் கணக்குப் புத்தகம் வந்தால் படிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஒத்துவராவிட்டால், பி.என்.எஸ்.எஸ். 528-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். பதிலே சொல்லாமல் இருப்பதுதான் ஆகாத வழி.

"அந்த ஆவணம் என்னிடம் இல்லை. ஒரு பட்டியல் தயாரித்துக் கொடு என்கிறார்கள்."

உங்கள் வசமோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், யாரிடம் இருக்கும் என்று தெரிந்தால் அதையும் எழுதலாம். இல்லாத ஆவணத்தைப் புதிதாக உருவாக்கித் தரும் கடமையை இந்தப் பிரிவு யார் மீதும் சுமத்தவில்லை. வாக்குமூலமும் அப்படித்தான்: 94-ஆம் பிரிவு ஆவணம் பெறுவதற்கு மட்டுமே. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு பிரிவுகள் உள்ளன, அப்போதும் காவல் அதிகாரி பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையொப்பம் வாங்கக் கூடாது.

"கொடுக்காவிட்டால் கைது செய்வார்களா?"

பொது ஊழியரிடம் ஆவணத்தை ஒப்படைக்கச் சட்டப்படி கடமைப்பட்ட ஒருவர் வேண்டுமென்றே தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 210-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்டது நீதிமன்றமாக இருந்தால் ஆறு மாதம், 10,000 ரூபாய். இது பிணையில் விடத்தக்க குற்றம். காவல்துறை தானாக வழக்குப் பதிந்து நடத்தவும் முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரியோ அவரது மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும்.

அழித்துவிடுவது இதைவிடப் பெரிய தவறு. ஆவணமோ மின்னணுப் பதிவோ சான்றாக வரக்கூடாது என்று அழித்தால் அதே தண்டனைச் சட்டத்தின் 241-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. "சும்மா பழைய பில்களைத்தான் எரித்தேன்" என்று ஒருவர் வந்து நின்றபோது, கடிதம் வந்த தேதிக்கு மறுநாள் அதைச் செய்திருந்தார். அந்த ஒரு நாள் இடைவெளியை நீதிமன்றத்தில் விளக்குவது மிகக் கடினம். கடிதம் கிடைத்த நிமிடத்திலிருந்து எதையும் அழிக்காதீர்கள். உத்தரவிட்டும் தரமாட்டார் என்று நம்பக் காரணம் இருந்தால், பி.என்.எஸ்.எஸ். 96-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சோதனை ஆணை பிறப்பிக்கவும் முடியும்.

"சிசிடிவி பதிவு வேண்டுமாம். டிவிஆர் பெட்டியையே கழற்றித் தரச் சொல்கிறார்கள்."

குடியிருப்புச் சங்கங்களிலிருந்து அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலான கருவிகள் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும் என்பதால், முதல் வேலை அந்த நாளின் பதிவைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்துவது. பிறகு, தேவையான நேரத்துப் பதிவை பென் டிரைவில் நகலெடுத்துத் தர முன்வாருங்கள். அதோடு பாரதிய சாக்ஷிய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியைக் கருவியைப் பராமரிப்பவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்புக்குக் கைரேகை போன்ற ஓர் அடையாளக் குறியீடு) அதில் குறிக்கப்பட வேண்டும். ஒரு நொடி மாற்றப்பட்டாலும் ஹாஷ் மதிப்பு மாறிவிடும், ஆகவே பின்னால் யாரும் உங்கள் மீது பழி போட முடியாது. பதிவின் நேரம் உண்மையான நேரத்திலிருந்து சில நிமிடம் முன்பின்னாக ஓடினால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

அதிகாரி கருவியையே கைப்பற்றுவது என்று முடிவு செய்தால், அது பி.என்.எஸ்.எஸ். 106-ஆம் பிரிவின்படி நடக்கும் கைப்பற்றுதல். அதற்கு மகஜர் (கைப்பற்றிய பொருளின் விவரக் குறிப்பு) எழுதப்பட வேண்டும், நடவடிக்கை ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது. மகஜரில் கருவியின் வரிசை எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

"பேங்குக்கு நோட்டீஸ் அனுப்பி என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். 94-இல் அது முடியுமா?"

முடியாது. 94 விவரம் பெறுவதற்கு மட்டுமே. வங்கிகள் அதற்குச் சான்றிட்ட நகலைத் தருகின்றன, 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சான்றுச் சட்டத்தையும் 94-ஆம் பிரிவு அப்படியே விட்டுவைத்திருக்கிறது. முடக்குவது 106-ஆம் பிரிவின் அதிகாரம். வங்கிக் கணக்கும் கைப்பற்றத்தக்க சொத்துதான் என்று தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அப்படிச் செய்தால் நீதித்துறை நடுவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வங்கியிடம் எந்தப் பிரிவின் கீழ், எந்தக் குற்ற எண்ணில் உத்தரவு வந்தது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். நடுவரிடம் மனுப் போட அதுதான் ஆதாரம்.

"எங்களுடையது கிளினிக். நோயாளியின் ரகசியத்தைக் கொடுக்கலாமா?"

முறையான எழுத்துமூல உத்தரவு இருந்தால் மருத்துவப் பதிவேட்டைக் கொடுக்கலாம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளும், சட்டபூர்வ அதிகாரிகள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும் என்கின்றன. ஒரு முக்கியமான விலக்கு: எச்.ஐ.வி. நிலை. 2017-ஆம் ஆண்டின் தனிச்சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இருந்தால் ஒழிய அதை வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. காவல் நிலையக் கடிதம் அதற்குப் போதாது.

"என் வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் இருக்கும் கோப்புகளைக் கேட்பார்களா?"

வழக்கறிஞரிடம் நீங்கள் தொழில்முறையில் சொன்னவற்றுக்குச் சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. குற்றம் செய்வதற்காகவே சொன்னவை இதில் சேராது. ஆடிட்டருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வழக்கறிஞர்களுக்குப் புலனாய்வு அமைப்புகள் அழைப்பு அனுப்பிய விவகாரத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்து, 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் வசம் உள்ள கட்சிக்காரரின் ஆவணங்கள் 94-ஆம் பிரிவின் கீழ் கேட்கப்பட்டால் அவை நீதிமன்றத்தின் முன்தான் ஒப்படைக்கப்பட வேண்டும், மின்னணுச் சாதனங்களும் அப்படியே என்று அதில் கூறப்பட்டது. ஆவணத்தை வக்கீல் அலுவலகத்தில் வைத்துவிட்டாலே அது மறைந்துவிடாது என்பதையும் கவனியுங்கள்.

"நான்தான் இந்த வழக்கில் ஏ-1. எனக்கும் 94 நோட்டீஸ் வந்திருக்கிறது."

ஏ-1 என்றால் வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர். இங்கே பதில் மாறுகிறது, இதுவரை சொன்னதை அப்படியே பின்பற்றக் கூடாது. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) கூறு சொல்கிறது. குஜராத்தில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் செய்த ஒருவர் மீது, கணக்குப் புத்தகங்களை முறைப்படி பராமரிக்கவில்லை என்று வழக்கு. அந்தப் புத்தகங்களையே கொண்டுவரும்படி அவருக்கு உத்தரவிட வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது, நடுவர் மறுத்தார். விவகாரம் ஷியாம்லால் மோகன்லால் சோக்சி வழக்காக உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. இந்தப் பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொருந்தாது என்று நால்வர் 1964 டிசம்பரில் தீர்ப்பளித்தனர், நீதிபதி ஜே.சி. ஷா மட்டும் மாறுபட்டார். அறுபது ஆண்டுகளாக அந்தத் தீர்ப்புதான் நிற்கிறது. அரசு தன் வழக்கைத் தானே நிரூபிக்க வேண்டும் என்னும் கொள்கையை இவ்வளவு எளிய கேள்வியில் நிலைநிறுத்தியதற்காக அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் இதனால் ஆவணம் பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். சோதனையிட்டு எடுப்பது வேறு, நீங்களே கொண்டுவந்து கொடுப்பது வேறு என்று 1954-இலேயே எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியிருக்கிறது. புலனாய்வு அதிகாரி 185-ஆம் பிரிவின்படி காரணங்களை எழுதிவைத்துச் சோதனையிடலாம். அந்தக் குறிப்புகளின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். ஆகவே, ஏ-1 ஆக இருப்பவர் செய்ய வேண்டியது, வழக்கறிஞர் மூலம் 20(3) கூறைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் தருவது.

"செல்போன் பாஸ்வேர்டைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?"

சாட்சியாக இருப்பவரைவிட, குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்தக் கேள்வி கூர்மையானது. கடவுச்சொல்லைச் சொல்வது தனக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் விரேந்திர கன்னா வழக்கில் கூறியது. டெல்லியில் ஒரு சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022-இல் அதற்கு மாறாக, கட்டாயப்படுத்த முடியாது என்றது. விரலை வைத்துத் திறப்பதும் மனத்தில் இருக்கும் எண்ணைச் சொல்வதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. முதலாவது உடலில் இருப்பது, இரண்டாவது அறிவில் இருப்பது. அதிகாரியிடம் வாக்குவாதம் செய்யாமல், நீதிமன்ற உத்தரவின்படி நடப்பதாக எழுதிக் கொடுங்கள்.

"இன்று சாட்சி என்கிறார்கள். நாளை என்னையே சேர்த்துவிட்டால்?"

நியாயமான பயம். குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை காவல் நிலைய விசாரணைக் கட்டத்திலேயே உண்டு என்று நந்தினி சத்பதி வழக்கில் 1978-இல் சொல்லப்பட்டது. கேட்கப்படும் ஆவணத்தைப் படித்துப் பார்க்கும்போது அது உங்களையே சுட்டுவதாகத் தோன்றினால், கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவகாசம் கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

"எனக்குச் சாதகமான ஆவணத்தைப் போலீஸ் கேட்டு வாங்கவே இல்லை. நான் கேட்கச் சொல்ல முடியுமா?"

புகார்தாரர் என்றால், எந்தக் கேமரா, எந்த நாள், எத்தனை மணி என்று குறிப்பிட்டு நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு உடனே மனுக் கொடுங்கள். பதிவு அழிவதற்குள் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில், அதாவது நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை வரையறுக்கும்போது, பொதுவாக அந்த உரிமை இல்லை என்று தேபேந்திர நாத் பாதி வழக்கு 2004-இல் சொன்னது. ஆனால் மிகத் தரமான ஆதாரத்தைப் புலனாய்வுத் தரப்பு ஒதுக்கிவைத்திருந்தால் நீதிமன்றம் வரவழைக்கலாம் என்று 2017-இல் நித்ய தர்மானந்தா வழக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்தது. காவல் நிலையத்துக்குள்ளேயே ஏதாவது நடந்திருந்தால், அங்குள்ள கேமராப் பதிவுகளை 18 மாதம், முடியாத இடங்களில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்ற பரம்வீர் சிங் சைனி வழக்கின் 2020 தீர்ப்பை மனுவில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

"கொடுத்த அசல் எப்போது திரும்பி வரும்?"

தானாக வராது, கேட்க வேண்டும். கைப்பற்றப்பட்ட பொருள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 497 அல்லது 503-ஆம் பிரிவின் கீழ் நடுவரிடம் மனுச் செய்து இடைக்காலமாகப் பெறலாம். தேவைப்படும்போது மீண்டும் கொண்டுவருவதாக உறுதிமொழியும் பிணைப்பத்திரமும் கேட்பார்கள். மேலே சொன்ன அடகுப் பதிவேடும் அப்படித்தான் வந்தது. ஒப்புதல் இல்லாததால், அது காவல் நிலையத்தில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்கே இரண்டு வாய்தா போயிற்று. வழக்குக்குரிய அந்த ஒரு பக்கத்தின் சான்றிட்ட நகலை நீதிமன்றக் கோப்பில் வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திருப்பித் தர நடுவர் உத்தரவிட்டார். அது வந்த அன்று மாலையே அவர் கடையைத் திறந்துவைத்து, காத்திருந்த வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்து, ரேகையை ஒப்பிட்டு நகைகளைக் கொடுக்கத் தொடங்கினார்.